இரண்டு ஊர்ச் சஷ்டி

எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிற ஜொசெலின் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், நான் தலையை ஆட்டினேன், நம் ஊர்த் தலையாட்டல் இந்தத் தீவுக்காரிக்கு எந்தப் பக்கமாகப் புரிந்ததோ, பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டுப் படகின் முன்பக்கம் போய்விட்டாள். அது இப்போது தொடைமேல் குளிர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எச்சில் ஊறும், எச்சிலை விழுங்கினால் விரதம் முறியுமா என்று யோசனை வரும், அப்படி யோசிப்பதே பாதி முறிந்த மாதிரி. ஊறுவதற்கு எச்சில்தான் எங்கே இருக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நேற்று மத்தியானம் சோறும் வறுத்த வாழைத் துண்டும் சாப்பிட்டதுதான், அதற்குப் பிறகு பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. இன்றைக்குச் சஷ்டி. ஊரிலிருந்து கிளம்பும்போதே காலண்டரைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டு வந்தேன், வந்த பிறகுதான் சந்தேகம், எந்த ஊர்ச் சஷ்டி என்று. திருப்பூரில் விடியும்போது இங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். முருகன் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைப்பான், விரதம் இருக்கிறவளின் சொந்த ஊரையா, அவள் போய் உட்கார்ந்திருக்கிற ஊரையா. யாழினியைக் கேட்டால் சிரிப்பாள், அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலைக்கும் போகிற மகளிடம் இதைக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல். யோசித்து யோசித்து, இரண்டு ஊருக்கும் சேர்த்தே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன், அங்கே விடியும்போது ஆரம்பிப்பது, இங்கே இருட்டும்போது முடிப்பது. குறைந்தால்தான் தெய்வக்குற்றம், கூடினால் யார் கேட்கப்போகிறார்கள். காலையில் அவர் தன் கையால் போட்டுக் கொடுத்த காப்பியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊற்றி, மணம் போகக் குழாயைத் திறந்துவிட்டேன், ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அவருக்காக இருக்கிற விரதத்தை அவருக்கே தெரியாமல் திருட்டுத்தனமாக இருக்கவேண்டியிருக்கிறது, சொன்னால் கடலுக்குள் இறங்குகிற நாளில் என்ன கூத்து இது என்று கத்துவார். எதிர்ப் பலகையில் உட்கார்ந்து ரப்பர் உடுப்பில் ஒரு காலை நுழைத்தபடி என்னையே பார்க்கிறார். "ஏம்புள்ள, தண்ணி குடிச்சயா? வெயிலு மண்டையப் பொளக்குது." பாட்டிலைத் தூக்கி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தொண்டையை மட்டும் அசைத்துக் காட்டினேன். "குடிச்சனுங்க." நம்பிவிட்டார், என் கணவர் நான் சொல்கிற எதையும் நம்பிவிடுவார்.

நம்பாதது ஒன்றே ஒன்றுதான், மூச்சு விஷயம். ஜொசெலின் கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டு இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறாள், அவர் பக்கம் பார்த்தே சொல்கிறாள். "நாச்சி, கேட்டுக்கொள். தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்காதே. மேலே வரும்போது பிடித்தாயானால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரியும், நுரையீரல் கிழியும், காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும்." நாச்சிமுத்து என்கிற பேரை இந்தத் தீவில் எல்லோரும் நாச்சி ஆக்கிவிட்டார்கள், கல்யாணமான நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத பேரை இந்தப் பெண்பிள்ளை சடைசடையாகப் பின்னின தலையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறாள், அவரும் நல்ல பிள்ளையாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துச் சரி என்று காட்டுகிறார். சரியாம். நேற்று முதல் முறை இறங்கினபோதும் இதே சரியைத்தான் காட்டினார், மேலே வந்து பார்த்தால் எங்கள் சிலிண்டரெல்லாம் காலியாகிற நிலையில் கிடக்க அவருடையதில் மட்டும் பாதிக்குப் பாதி காற்று மிச்சம். கூட வந்த டச்சுக்காரக் கிழவனும் கிழவியும் ஆகா என்றார்கள், அவருக்குப் பெருமை பிடிபடவில்லை, ஜொசெலின் மட்டும் சிரிக்கவில்லை. எப்படி மிச்சமாகும், மூச்சை விட்டால்தானே செலவாகும். அவர் நீச்சல் கற்றது காங்கயத்துக்குப் பக்கம் ஒரு கிணற்றில். மோட்டாரின் அடிவால்வில் பாசி அடைத்தால் அவர்தான் முங்கிப் போய்ச் சுரண்டிவிட்டு வருவார், ஊரில் யாராவது கிணற்றில் விழுந்துவிட்டால் அவரைத் தேடித்தான் ஓடி வருவார்கள். மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் பூட்டு, தலைமயிரைப் பிடி, தரையை உதை, நேராக மேலே வா, இதுதான் அவருக்குத் தெரிந்த வித்தை, அந்த வித்தையில் ஒரு பெண் பிழைத்தாள், ஒருத்தி பிழைக்கவில்லை. கிணற்றில் அது சரி, வெளியே இழுத்த மூச்சைத்தான் உள்ளே கொண்டுபோய்த் திரும்ப வெளியே கொண்டுவருகிறோம். இங்கே ஆழத்தில் வைத்துச் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறோம், அது மேலே வர வர இரண்டு பங்காகப் பெருகும், விடாமல் வைத்திருந்தால் வெடிக்கும். எனக்கு இது புதுச்சேரியில் பயிற்சிக் குளத்தில் முதல் நாளே புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது, பரீட்சையில் என்னைவிட மார்க் கூட. புத்திக்குப் புரிந்து என்ன செய்ய, நெஞ்சுக்குப் புரியவேண்டுமே, தண்ணீர் காதை மூடியதும் அது தானாகப் பூட்டிக்கொள்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று, சீ, நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு என்ன பழமொழி நினைக்கிறேன், முருகா, நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது.

படகு அலையில் ஏறி இறங்குகிறது. யார் ஆசை இது. அவர் ஆசை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பனியன் கம்பெனியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த மனிதருக்குப் பொழுது போகாமல் டிவியில் மீன் பார்க்க ஆரம்பித்தார், மீனிலிருந்து பவளப்பாறை, பவளப்பாறையிலிருந்து கரீபியன் கடல், எந்தத் தீவில் தண்ணீர் தெளிவு, எந்த மாசத்தில் புயல் இல்லை, எல்லாம் மனப்பாடம். மாஸ்க் ஒன்று தருவித்து, அதை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார், பால்காரர் பயந்துபோனார். யாழினி தங்கும் இடம், படகு, எல்லாம் ஏற்பாடு செய்து, "அப்பா மட்டும் போனா நல்லாருக்காது, நீயும் கத்துக்கம்மா" என்றாள். அவருக்குத் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு கற்றேன். துணைக்கு மட்டுமா. நேற்று உள்ளே இறங்கி மணலில் முழங்காலிட்டபோது, நீலமும் பச்சையுமாக ஒரு மீன் வந்து பவளத்தைக் கடித்தது, அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ முறுக்குக் கடிக்கிற மாதிரி. என்னை யாரும் கூப்பிடவில்லை, அடுப்பில் ஒன்றும் பொங்கவில்லை, நான் என்று ஒருத்தி கனமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தேன், இவ்வளவு சந்தோஷம் எனக்கு எதற்கு என்று தோன்றியது. தோன்றிய உடனே பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சந்தோஷப்பட்டால் விதி எதையாவது பிடுங்காமல் விடாது. அவர் ஜாதகத்தில் இந்த வருஷம் முடியும்வரை தண்ணியில் கண்டம் என்று அவினாசி ஜோசியர் சொல்லியிருக்கிறார். அவரிடம் சொன்னதற்கு, "கெணத்துக்குள்ளயே கெடந்தவனுக்கு என்ன புள்ள கண்டம், கண்டத்துக்குத்தான் என்னையக் கண்டாப் பயம்" என்றார். சிரித்தேன். சிரித்துவிட்டுப் பூஜை அறைக்குள் போய் வேண்டிக்கொண்டேன், இவர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மூச்சை விட்டபடி இறங்கி மூச்சை விட்டபடி ஏறவேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை, அதற்காகச் சஷ்டிக்கு வாய் நனைக்காமல் இருக்கிறேன் என்று. கேட்டுவிட்டு இருக்காமல் இருக்கமுடியுமா.

படகை நிறுத்திவிட்டார்கள். முதுகில் சிலிண்டரோடு விளிம்பில் உட்கார்ந்து பின்னால் சாயவேண்டும், சாய்ந்தேன், வானம் புரண்டது, பிறகு தண்ணீர், பிறகு என் மூச்சுச் சத்தம் மட்டும். சிலிண்டர் காற்று வறண்ட காற்று, வறண்ட தொண்டையை இன்னும் சுரண்டுகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம், முன்னால் ஜொசெலின், அடுத்து டச்சுக்காரர்கள், அடுத்து அவர், கடைசியில் நான், நான்தான் கேட்டுக் கடைசியில் வந்தேன், அவர் தலைக்கு மேல் குமிழ் வருகிறதா என்று பார்க்க வசதி. வருகிறது. கொத்தாக ஒன்று. அப்புறம் இல்லை. இல்லை. இல்லை. வந்துவிட்டது. மஞ்சள் மீன்கள் கூட்டமாகக் குறுக்கே போகின்றன, விசிறி மாதிரி ஊதாப் பவளம் அசைகிறது, இதையெல்லாம் பார்க்கத்தான் அத்தனை தூரம் பறந்து வந்தோம், நான் ஒரு மனிதரின் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால் பொங்கக் காத்திருப்பவள் மாதிரி. கண்ணெடுத்தால் அந்த நேரம் பார்த்து நடக்கும். ஒரு ஆமை வந்தது, கையெட்டும் தூரத்தில், கிழவரின் கண்களோடு, அவர் திரும்பி என்னைப் பார்த்து ஆமையைக் காட்டினார், மாஸ்க்குக்குள் அவர் கண் சிரித்தது, எனக்கு அழுகை வந்தது, இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தண்ணீருக்குள் வந்துதான் தெரியவேண்டுமா. சிரிக்கும்போது குமிழ் வந்தது. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள். அப்படியே சிரித்துக்கொண்டே இருங்கள்.

பவளத் திட்டு முடிகிறது. முடிகிற இடத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குகிறது, அதற்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை, நீலம், அதற்குக் கீழே கருநீலம், அதற்குக் கீழே நிறமே இல்லை. விளிம்பைத் தாண்டக் கூடாது என்று ஜொசெலின் சொல்லியிருக்கிறாள், தாண்டவில்லை, எட்டித்தான் பார்த்தேன். பார்த்ததும் தலைக்குள் ஏதோ சுழன்றது. கெண்டைக்காலில் நரம்பு இழுத்துப் பிடித்தது, குனிந்து பிடிக்கப் போனேன், குனிந்ததும் கண்ணின் ஓரத்தில் ஆரம்பித்து இருட்டிக்கொண்டு வருகிறது, மீன்கள் எல்லாம் சாம்பல் நிறம், கையும் என் கை இல்லை. பட்டினி. இது பட்டினி மயக்கம். கோயிலில் வரிசையில் நிற்கும்போது வந்திருக்கிறது, அங்கே யாராவது பிடித்து உட்காரவைத்து விசிறுவார்கள். இங்கே எங்கே உட்காருவது. வாயில் இருக்கிற காற்றுக் குழாயைப் பல்லால் கடித்துக்கொள், அதை விடாதே, மூச்சை விடு, இழு, விடு. நான் கீழே போகிறேனா. பவளச் சுவர் என் முன்னால் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன். மேலே, விளிம்பில், அவர் திரும்புகிறார். என்னைத் தேடுகிறார். பார்த்துவிட்டார். வேண்டாம், நீங்கள் வராதீர்கள், ஜொசெலினைக் கூப்பிடுங்கள், அவளுக்குத்தான் மெல்ல ஏற்றத் தெரியும், உங்களுக்குக் கிணறுதான் தெரியும். கையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். கை அசைந்ததோ இல்லையோ.

தலைகீழாக வருகிறார். அந்தப் பழைய வேகம், கால் இரண்டும் சேர்ந்து ஒரே உதை, சிலிண்டர் மாட்டின என் மிதவைச் சட்டையின் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். பிடித்த பிடியில் எனக்கு நினைவு தெளிந்தது. தொடவே கூடாது என்று ஜொசெலின் படித்துப் படித்துச் சொன்ன பவளத்தில் காலை ஊன்றி உதைக்கிறார், நாங்கள் ஏறுகிறோம், வேகமாக ஏறுகிறோம், எங்கோ ஜொசெலின் சிலிண்டரைத் தட்டுகிற சத்தம், டக் டக் டக், அது கீழே கீழே போகிறது. என் முகத்துக்கு நேரே அவர் முகம். நான் குமிழ் விடுகிறேன், என் குமிழ்தான், என்னுடையது மட்டும்தான். அவர் கன்னம் உப்பியிருக்கிறது, உதடு குழாயை இறுக்கியிருக்கிறது, மாஸ்க்குக்குள் கண் என்னைப் பார்க்கவில்லை, மேலே வெளிச்சத்தைப் பார்க்கிறது. எந்தக் கிணற்றில் இருக்கிறார் இவர், யாரை இழுத்துக்கொண்டு வருகிறார். ஊதுங்கள். நான் ஊதிக் காட்டுகிறேன், பாருங்கள், இப்படி. பார்க்கவில்லை. கண்டம் கண்டம் என்று ஊரெல்லாம் தேடினேனே, நான்தானா அது. நான் ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் இவர் ஆமையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்திருப்பார். நெஞ்சில் அறைந்தேன், தண்ணீரில் கை வீசினால் அடி விழவில்லை, தடவினது மாதிரிதான் போய்ப் பட்டது, நான் பயந்து துள்ளுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். மேலே வெளிச்சம் கண்ணாடி மாதிரி நெருங்குகிறது. இவர் மேல் இதுவரை என் கால் தெரியாமல் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவர் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து வயிற்றில் எத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை எத்தினேன், விலா எலும்புக்குக் கீழே, குழந்தை பெற்றபோதுகூட அவ்வளவு முக்கினதில்லை. அப்போது வந்தது, குழாயின் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு, பெரிய பெரிய வெள்ளைக் குமிழாக, வந்துகொண்டே இருந்தது, எங்கள் இருவருக்கும் முன்னால் அது மேலே ஓடியது.

எப்படிப் படகில் ஏறினோம் என்று தெரியவில்லை, யாரோ தூக்கினார்கள். அவரைப் பலகைமேல் படுக்கவைத்து ஜொசெலின் ஆக்ஸிஜன் மூடியை மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்துகிறாள், டச்சுக்காரர்கள் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், படகோட்டி ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டுப் படகைக் கரைப் பக்கம் விரட்டுகிறான். காற்று வந்தது சரி, வருவதற்கு முன்னால் என்ன ஆயிற்று, எந்த ஆழத்தில் வந்தது, முதல் எத்துக்கும் இரண்டாவது எத்துக்கும் நடுவில் எங்காவது ஒரு நூல் அளவு கிழிந்திருந்தால். ஜொசெலின் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேள். மூளைக்குக் காற்று ஏறியிருந்தால் பேச்சுத்தான் முதலில் குழறும். கரை சேரும்வரை அவனைப் பேசவை, உங்கள் மொழியிலேயே பேசட்டும். குழறினால் எனக்குப் புரியாது. உனக்குத்தான் தெரியும்." முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். "ஏனுங்க." கண்ணைத் திறந்தார். மூடிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல் வந்தது. "ஏம்புள்ள, எதுக்கு எத்துன? வவுறெல்லாம் எரியுது."

"மூச்ச அடக்கிட்டீங்க."

"நானா? நா எங்க அடக்குனேன்?" உண்மையாகவே தெரியவில்லை அவருக்கு. "நீ என்னத்துக்கு அப்படிச் சாஞ்சு போன? ஒடம்புக்கு என்ன?"

சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னால்தான் பேசுவார். "நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க. தண்ணி கூடக் குடிக்கல. சஷ்டிங்க. உங்களுக்காகத்தான்." அவர் பேசவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு உயிரே போய்விட்டது, முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு ஆரம்பித்தார். "கூறு கெட்டவளே. கடலுக்குள்ள எறங்கறவ பட்டினி கெடப்பாளா? குடிச்சியான்னு கேட்டேன், குடிச்சேன்னு பொய்யி சொன்ன. எனக்கு ஒண்ணு ஆனா ஆகட்டும், நீ அந்தக் குழிக்குள்ள போயிருந்தீன்னா நா யாழினிக்கு என்ன பதில் சொல்லுவேன்?" அந்தக் கடைசி வார்த்தை இழுபட்டதா. நாக்கு தடித்ததா. இல்லை, கோபம் வந்தால் எப்போதும் அப்படித்தான் இழுப்பாரா. தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த வாயிலிருந்து வந்ததையெல்லாம் கேட்டு, சொன்னதைச் செய்து, சொல்லாததையும் நானாகச் செய்து, அவர் பேசினால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஜொசெலின் என் முகத்தைப் பார்க்கிறாள், எப்படி என்று புருவத்தால் கேட்கிறாள், நான் என்ன சொல்ல. கரை இன்னும் ஒரு கோடாகத்தான் தெரிகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நிறுத்தாதீங்க," என்றேன். "திட்டுங்க. இன்னும் திட்டுங்க."